கவ்லா பின்த் அல்அஸ்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க காலத்தைப் பற்றிப் பெண்களிடையே பேசும்போதெல்லாம் கவ்லாவின் பெயர் வந்துவிடுகிறது. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டவர்கள், கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்தவர்கள், பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவிகள், அரபு மூலங்களைப் படித்துவிட்டுக் குழம்பியவர்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளிய கேள்வியிலிருந்து சிக்கலான கேள்விக்குச் செல்லும்படி பதில்களைத் தொகுத்திருக்கிறேன். நபியவர்களுக்கும் தோழர்களுக்கும் உரிய மரியாதைச் சொற்களை ஒவ்வொரு இடத்திலும் எழுதவில்லை. வாசிப்பவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கவ்லா யார்? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கவ்லா பின்த் அல்அஸ்வர், பனூ அஸத் குலத்தைச் சேர்ந்தவராகவும் நபித்தோழர் ளிரார் இப்னு அல்அஸ்வரின் சகோதரியாகவும் சொல்லப்படும் பெண் வீரர். முதல் கலீஃபா அபூபக்ரின் ஆட்சி முடியும் தறுவாயிலும் (ஹிஜ்ரி 13, கி.பி. 634) அடுத்து வந்த உமரின் ஆட்சித் தொடக்கத்திலும் ஷாம் நாட்டில் பைசாந்தியப் பேரரசின் படைகளோடு போர்கள் நடந்தன. ஷாம் என்பது இன்றைய சிரியா, ஜோர்டான், லெபனான், பாலஸ்தீனம் ஆகியவை அடங்கிய நிலப்பரப்பு. அந்தப் போர்களில் கவ்லா ஈட்டியும் வாளும் ஏந்தி நின்றதாகக் கதைகள் கூறுகின்றன. அரபு நூல்கள் பைசாந்தியரை ரூமிகள் என்று அழைப்பதால், இந்தப் பக்கத்தில் நானும் ரோமர் என்றே எழுதுகிறேன்.

‘கதைகள் கூறுகின்றன’ என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கான காரணம் பின்னால் வருகிறது. முதலில் கதையை முழுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது. பலருக்கு அது துண்டு துண்டாகத்தான் தெரிந்திருக்கிறது.

முகத்தை மூடிக்கொண்டு டமாஸ்கஸில் சண்டை போட்டது பற்றிய கதை என்ன?

முஸ்லிம் படைத் தளபதி காலித் இப்னு வலீத் டமாஸ்கஸை முற்றுகையிட்டிருக்கிறார். நகரத்தைக் காப்பாற்ற வர்தான் என்னும் தளபதியின் தலைமையில் ரோமப் படை ஒன்று வருகிறது. அதை எதிர்கொள்ள அனுப்பப்பட்ட ளிரார் துணிந்து போரிட்டு, வர்தானின் மகனைக் கொன்று, முடிவில் காயமடைந்து சிறைபிடிக்கப்படுகிறார். செய்தி கேட்ட காலித் தாமே படையோடு புறப்படுகிறார். அப்போது உயரமான குதிரையில், கையில் நீண்ட ஈட்டியோடு, கண்களைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி கறுப்புடை அணிந்து, பச்சைத் துணியை இடுப்பில் இறுகக் கட்டிய ஒரு வீரர் எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து செல்வதைக் காண்கிறார். அந்த வீரர் தனியாக எதிரி அணிக்குள் புகுந்து, அதைக் கலைத்துவிட்டு, ஈட்டியில் இரத்தம் சொட்டத் திரும்பி வந்து, மறுபடியும் உள்ளே பாய்கிறார். முன்னரே களத்தில் இருந்த ராஃபி இப்னு உமைராவும் அவருடைய ஆட்களும் அது காலிதாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்க, காலிதே நேரில் வந்து நின்றதும் திகைத்துப் போகிறார்கள்.

யார் நீ என்று காலித் கேட்டபோது அந்த வீரர் பதில் சொல்லாமல் விலகிச் செல்கிறார். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் பெண் குரல் கேட்கிறது: தாம் முகம் திருப்பியது அவமதிப்பினால் அல்ல, நாணத்தினால் என்றும், தாம் ளிராரின் சகோதரி கவ்லா என்றும், குலப் பெண்களோடு இருந்தபோது சகோதரர் பிடிபட்ட செய்தி வந்ததால் குதிரை ஏறியதாகவும் சொல்கிறார். போர் ஓய்ந்த பின் ஒவ்வொருவரிடமும் சகோதரரைப் பற்றிக் கேட்டு, எவரிடமும் தகவல் கிடைக்காமல் அழுது கவிதை பாடுகிறார். பிறகு, ளிராரை 100 குதிரை வீரர்கள் ஹிம்ஸை நோக்கிக் கொண்டு செல்வதாகத் துப்புக் கிடைக்கிறது. ராஃபியின் தலைமையில் அதே அளவு வீரர்களை காலித் அனுப்ப, கவ்லாவும் அனுமதி கேட்டுப் போகிறார். அவர்கள் வழியில் பதுங்கியிருந்து ளிராரை மீட்கிறார்கள்.

கேட்பவர் மனத்தில் நிற்கக்கூடிய எல்லாமே இந்தக் கதையில் இருக்கிறது. அடையாளம் தெரியாத வீரர், பெரும் தளபதியே வியந்து நிற்பது, உடன்பிறப்பின் மீதுள்ள பாசம், கடைசியில் மீட்பு. நன்றாகக் கட்டப்பட்ட கதை என்பதை அதை நம்பாதவரும் ஒப்புக்கொள்வார்.

கூடாரக் கம்பை எடுத்துச் சண்டை போட்டது வேறு சம்பவமா?

ஆம், வேறு சம்பவம்தான். ஆனால் அதே நூலில் இதற்குப் பின்னால் வருவது. முஸ்லிம் படை டமாஸ்கஸிலிருந்து அடுத்த போர்க்களமான அஜ்னாதைனை நோக்கி நகரும்போது, பெண்களும் குழந்தைகளும் தளபதி அபூஉபைதாவின் பொறுப்பில் பின்னால் வருகிறார்கள். நகரத்திலிருந்து வெளியே வந்த ரோமர்கள் பின்புறத்தைத் தாக்குகிறார்கள். புத்ரூஸ் என்பவன் பெண்களைச் சிறைபிடித்துக்கொண்டு போய், ஓர் ஆற்றங்கரையில் தங்குகிறான். கைதிகளில் கவ்லாவும் ஒருவர்.

அங்கே கவ்லா மற்றப் பெண்களிடம், ஹிம்யர் குலத்து மகளிரே, இவர்களுக்கு அடிமைகளாக இருக்கச் சம்மதிக்கிறீர்களா என்று கேட்கிறார். அஃப்ரா பின்த் ஃகிஃபார் என்ற பெண், துணிவுக்குக் குறைவில்லை, ஆயுதம்தான் இல்லை என்கிறார். கூடாரங்களின் கம்புகளைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், ஒருவரோடு ஒருவர் ஒட்டி வளையமாக நில்லுங்கள், பிரிந்துவிடாதீர்கள், பிரிந்தால் தொலைந்தோம் என்று கவ்லா சொல்லிக்கொடுக்கிறார். நெருங்கி வந்த குதிரைகளின் கால்களைப் பெண்கள் கம்பால் அடித்து வீழ்த்துகிறார்கள். புத்ரூஸ் கவ்லாவை மணந்துகொள்வதாக ஆசை காட்ட, என் ஒட்டகம் மேய்க்கக்கூட உன்னை வைத்துக்கொள்ள மாட்டேன் என்ற பொருளில் அவர் மறுமொழி சொல்கிறார். காலிதும் ளிராரும் வந்து சேரும்வரை பெண்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

யர்மூக் போரிலும் அவர் இருந்தாரா?

அதே நூலின்படி இருந்தார், காயமும் அடைந்தார். கி.பி. 636இல் நடந்த யர்மூக் போரில் பெண்கள் படையின் பின்னால் நின்று, புறமுதுகிட்டு ஓடிவந்த ஆண்களைக் கல்லாலும் கம்பாலும் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள் என்ற செய்தி வேறு நூல்களிலும் உண்டு. அந்த நூல்களில் கவ்லாவின் பெயர்தான் இல்லை.

எந்த நூல், எந்த நூல் என்கிறீர்களே, அது என்ன நூல்?

‘ஃபுதூஹுஷ் ஷாம்’, அதாவது ஷாம் நாட்டு வெற்றிகள் என்ற நூல். அது மதீனாவில் பிறந்து ஹிஜ்ரி 207இல் (கி.பி. 823) பக்தாதில் இறந்த வரலாற்றாசிரியர் முஹம்மது இப்னு உமர் அல்வாகிதியின் பெயரால் வழங்குகிறது. மேலே சொன்ன மூன்று கதைகளும் அதிலிருந்துதான் வருகின்றன. பின்னால் வந்த வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்புகளும், இன்றைய சிறுவர் நூல்களும், காணொளிகளும் இதையே நேராகவோ சுற்றிவளைத்தோ எடுத்தாள்கின்றன. ஆகவே பத்து நூல்களில் இருக்கிறதே என்று ஒருவர் சொன்னால், அந்தப் பத்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இதே தலைப்பில் அல்அஸ்தி என்பவரின் நூல் ஒன்று உண்டு, அது வேறு. ஹிஜ்ரி 279இல் இறந்த பலாதுரியின் ‘ஃபுதூஹுல் புல்தான்’ என்ற நூலும் வேறு.

வாகிதி பெரிய வரலாற்றாசிரியர் ஆயிற்றே, அவர் எழுதியதை நம்பலாம் அல்லவா?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, வாகிதியின் நம்பகத்தன்மை. நபியவர்களின் போர்களைப் பற்றி அவர் எழுதிய ‘கிதாபுல் மஃகாஸி’ வரலாற்றுக்கு மிகவும் முக்கியமான நூல். ஆனால் ஹதீஸ் (நபியவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு) துறை அறிஞர்கள் பலர் அவரைப் பலவீனமான அறிவிப்பாளராகவே கருதினார்கள். இரண்டாவது, இதைவிடப் பெரியது: இன்று நம் கையில் உள்ள ‘ஃபுதூஹுஷ் ஷாம்’ வாகிதியின் எழுத்தே அல்ல என்பது ஆய்வாளர்களின் பரவலான முடிவு. வாகிதி அந்தத் தலைப்பில் எழுதியதாகப் பழைய நூற்பட்டியல் கூறுகிறது. ஆனால் இன்றுள்ள நூலின் நடையும், நீண்ட வசனங்களும், அவ்வப்போது வரும் கவிதைகளும், போரில் வீழ்ந்தவர்களின் மிகப்பெரிய எண்ணிக்கைகளும் 9ஆம் நூற்றாண்டு வரலாற்று நூலுக்குரியவையாக இல்லை. மக்கள் கூட்டத்தின் முன் கதைசொல்லிகள் சொல்வதற்காகக் காலப்போக்கில் வளர்ந்த நூல் என்றும், சிலுவைப் போர்க் காலத்தில் இன்றைய வடிவத்தை எட்டியது என்றும் கருதுகிறார்கள்.

இதற்கு நேரடியான ஒரு சான்று ளிராரிடமிருந்தே கிடைக்கிறது. ஹிஜ்ரி 463இல் இறந்த இப்னு அப்தில்பர் போன்ற வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள், வாகிதியின் சொல்லாகவே எடுத்துக்காட்டும் செய்தி இது: ளிரார் அரேபியாவில் நடந்த யமாமா போரில் கடுமையாகப் போரிட்டு, இரண்டு கால்களும் வெட்டப்பட்ட பின்னும் முழங்காலால் தவழ்ந்து வாள் வீசி, குதிரைகள் மிதிக்க உயிர்நீத்தார். யமாமா போர் டமாஸ்கஸ் முற்றுகைக்கு முன்னரே முடிந்துவிட்டது. யமாமாவில் ளிரார் இறந்ததாகச் சொன்ன அதே வாகிதி, பிறகு டமாஸ்கஸில் அவர் சிறைபிடிக்கப்பட்டதையும் சகோதரி மீட்டதையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்க முடியுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ளிரார் அஜ்னாதைனில் இறந்தார், அதற்கும் பிறகு வாழ்ந்தார் என்ற வேறு அறிவிப்புகளும் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அவை வாகிதியின் பெயரிலுள்ள முரண்பாட்டைத் தீர்ப்பதில்லை.

அப்படியானால் ளிராரும் கற்பனையா?

இல்லை. ளிரார் உறுதியாக வரலாற்றில் வாழ்ந்த நபித்தோழர். அவர் அறிவித்த ஹதீஸ் இமாம் அஹ்மதின் ‘முஸ்னத்’ தொகுப்பில் இருக்கிறது. பால் தரும் ஒட்டகம் ஒன்றை நபியவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் சொன்னபடி அதைக் கறந்தபோது, மடியை முழுவதும் வற்றக் கறக்காமல் அடுத்த பால் சுரப்பதற்கு வழியாகச் சிறிது விட்டுவைக்குமாறு நபியவர்கள் சொன்னார்கள் என்பது அதன் செய்தி. கால்நடை வளர்க்கும் குலத்து மனிதர் ஒருவரின் கைக்கும் நபியவர்களின் கனிவுக்கும் இதைவிட நெருக்கமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. நபியவர்களின் மறைவுக்குப் பின் பிரிந்துபோன குலங்களோடு நடந்த ரித்தா போர்களில் காலிதின் படையில் ளிரார் இருந்ததும், குலத்தலைவர் மாலிக் இப்னு நுவைராவின் கொலையில் அவர் பெயர் அடிபடுவதும் பழைய நூல்களில் பதிவானவை. ஜோர்டான் பள்ளத்தாக்கில் தைர் அல்லா பகுதியில் அவர் பெயரால் அடக்கத்தலம் ஒன்றும் இருக்கிறது. மேலாடை இல்லாமல் போர்க்களத்தில் பாய்பவர் என்ற புகழ்பெற்ற சித்திரிப்பு மட்டும் மேற்சொன்ன ‘ஃபுதூஹுஷ் ஷாம்’ வழியாகப் பரவியது.

பழைய வரலாற்றாசிரியர் தபரியின் நூலில் பெயர் இல்லை என்பதற்காக அப்படியொரு பெண் இல்லவே இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? ஆண்கள் எழுதிய வரலாறு பெண்களை விட்டுவிட்டிருக்கலாமே?

நியாயமான கேள்வி, நான் மிகவும் மதிக்கும் கேள்வியும் இதுதான். ஒரு நூலில் பெயர் இல்லாதது மட்டுமே ஒருவர் வாழவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஆனால் எந்த நூல்கள் மௌனமாக இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 230இல் இறந்த இப்னு ஸஅத் தமது ‘தபகாத்’ நூலின் ஒரு பாகத்தை முழுக்கப் பெண்களுக்கே ஒதுக்கி, நூற்றுக்கணக்கான பெண்களின் செய்திகளைத் தந்திருக்கிறார். அவர் வாகிதியின் எழுத்தராகவே பணியாற்றியவர். ‘வாகிதியின் காதிப்’ என்பதே அவருடைய அடைமொழி. தபரி, யர்மூக்கில் அபூஸுஃப்யானின் மகள் ஜுவைரியா போரிட்டதைப் பெயரோடு குறிப்பிடுகிறார். ஆகவே இவர்கள் போரிட்ட பெண்களை மறைத்தவர்கள் அல்லர். டமாஸ்கஸ் வாசலில் ரோம அணியைத் தனியாகக் கலைத்த ஒரு பெண்ணைப் பற்றி வாகிதிக்குத் தெரிந்திருந்தால், அவருடைய எழுத்தரான இப்னு ஸஅத் அதை விட்டுவிட்டார் என்பது நம்ப முடியாதது.

ளிராருக்குச் சகோதரி ஒருவர் இருந்திருக்கலாம். அவர் பெயர் கவ்லாவாகவும் இருந்திருக்கலாம். படையோடு ஷாமுக்குப் போயிருக்கலாம். இவற்றில் எதுவும் நடக்க முடியாதது அல்ல. கறுப்புடை வீரர் கதை நடந்தது என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் இல்லை. சிலர் அவர் உஸ்மானின் ஆட்சி இறுதியில், ஹிஜ்ரி 35ஐ ஒட்டி இறந்தார் என்று எழுதுகிறார்கள். அதுவும் பிற்காலத் தொகுப்புகளில் வருவதே.

அப்படியானால் முதல் தலைமுறைப் பெண்கள் போரில் கலந்துகொண்டதே பொய்யா?

பொய்யே அல்ல. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். கவ்லாவின் கதைக்கு ஆதாரம் பலவீனமானது என்று சொன்னவுடன், பெண்கள் வீட்டோடு இருந்தார்கள் என்று நிரூபித்துவிட்டதாகச் சிலர் மகிழ்கிறார்கள். அது தவறு. ருபய்யிஃ பின்த் முஅவ்வித், நபியவர்களோடு போருக்குச் சென்று வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததையும் காயமடைந்தவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் மதீனாவுக்குக் கொண்டுவந்ததையும் தாமே சொல்வது ‘புகாரி’ ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நபியவர்களோடு 7 போர்களில் கலந்துகொண்டு, முகாமைக் கவனித்து, உணவு சமைத்து, காயத்துக்கு மருந்திட்டதாக உம்மு அதிய்யா சொல்வது ‘முஸ்லிம்’ என்னும் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஹுனைன் போர் நாளில் உம்மு ஸுலைம் குத்துவாளோடு நின்றதும் அதே தொகுப்பில் இருப்பதே.

போரிட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் உம்மு உமாரா என்னும் நுஸைபா பின்த் கஅப். மதீனாவாசிகள் நபியவர்களுக்கு ஆதரவு உறுதியளித்த அகபா உடன்படிக்கையில் கலந்துகொண்ட இரண்டு பெண்களில் ஒருவர். உஹுதுப் போருக்கு (கி.பி. 625) அவர் போனது தோல்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான். படை சிதறி நபியவர்களைச் சுற்றி மிகச் சிலரே எஞ்சியபோது, வாளும் வில்லும் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நின்றார். இப்னு கமிஆ என்பவன் அவருடைய தோளில் வெட்டினான். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஸஅத் இப்னு ரபீஇன் மகள் உம்மு ஸஅத் அவரைச் சந்தித்து உஹுதைப் பற்றிக் கேட்டபோது, அந்தத் தோளில் குழி விழுந்த ஆழமான தழும்பைத் தம் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்கிறார். யமாமா போரில் உம்மு உமாரா ஒரு கையையும் இழந்தார். அவருடைய மகன் ஹபீபை, தன்னை நபி என்று சொல்லிக்கொண்ட முஸைலிமா முன்னரே கொன்றிருந்தான். இந்தச் செய்திகளைப் பாதுகாத்துத் தந்தவர்களில் உண்மையான வாகிதியும் ஒருவர் என்பதைக் கவனியுங்கள்.

டமாஸ்கஸ் பக்கத்திலேயே போரிட்ட பெண் வேறு யாராவது உண்டா?

உண்டு, உம்மு ஹகீம் பின்த் அல்ஹாரிஸ். அவர் இக்ரிமா இப்னு அபூஜஹ்லின் மனைவி. மக்கா வெற்றிக்குப் பிறகு ஓடிப்போன கணவரைத் தேடிச் சென்று, நபியவர்களிடம் பெற்ற பாதுகாப்பு வாக்கோடு திரும்ப அழைத்து வந்தவரும் அவரே. ஷாம் போர்களில் இக்ரிமா கொல்லப்பட்டார். இத்தா என்னும் கைம்பெண் காத்திருப்புக் காலம் முடிந்த பின், டமாஸ்கஸுக்குத் தெற்கே மர்ஜுஸ் ஸுஃப்பர் என்ற சமவெளியில் படை இறங்கியிருந்தபோது காலித் இப்னு ஸயீத் அவரை மணந்தார். எதிரிகள் கலையும்வரை தள்ளிவைக்கலாமே என்று அவர் கேட்டும், இந்தப் போரில் நான் இறப்பேன் என்று என் மனம் சொல்கிறது என்றார் காலித் இப்னு ஸயீத். ஒரு பாலத்தின் அருகே கூடாரம் அடித்து மணம் முடிந்தது. அந்த இடத்துக்கு உம்மு ஹகீம் பாலம் என்றே பெயர் வந்தது. வலீமா விருந்து முடிவதற்குள் ரோமர்கள் அணிவகுத்துவிட்டார்கள். புதுக் கணவர் களத்தில் வீழ்ந்தார். மணப்பெண்ணுக்குப் பூசிய நறுமணக் குழம்பின் மஞ்சள் தடம் உடலில் இருக்கும்போதே, உம்மு ஹகீம் ஆடையை இறுகக் கட்டிக்கொண்டு, மணமுடிந்த அதே கூடாரத்தின் கம்பைப் பிடுங்கி 7 பேரைக் கொன்றார்.

கவ்லாவின் கதையை விரும்பும் ஒவ்வொருவரும் இதை ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இடம் அதே டமாஸ்கஸ் பகுதி, காலம் ஏறக்குறைய அதே காலம், ஆயுதமும் அதே கூடாரக் கம்பு. ஆனால் இது பழைய தொகுப்புகளில் பதிவான செய்தி.

எல்லாக் கதையிலும் கூடாரக் கம்பே வருகிறதே, அது ஏன்?

அகழ்ப் போரின்போது கோட்டைக்குள் இருந்த ஸஃபிய்யா பின்த் அப்துல் முத்தலிப், வேவு பார்க்க வந்தவனை ஒரு கம்பால் அடித்துக் கொன்றார். யர்மூக்கில் அஸ்மா பின்த் யஸீத் கூடாரக் கம்பால் 9 ரோமர்களைக் கொன்றதாக வாழ்க்கை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. உம்மு ஹகீமைப் பற்றி இப்போதுதான் பார்த்தோம். வாளும் கவசமும் விலை உயர்ந்தவை, ஆண்களுக்கே போதாதவை. கூடாரமோ பெண்களின் பொறுப்பில் இருந்த இடம். அவர்கள் கைக்கு உடனே எட்டக்கூடிய கனமான பொருள் அதைத் தாங்கி நிற்கும் கம்புதான்.

சிறைபிடிக்கப்பட்ட பெண்கள் கம்போடு வளையமாக நிற்கும் காட்சியைக் கட்டியவர்கள், இந்தப் பழைய செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கவ்லா என்ற ஒரே பாத்திரத்துக்குள் பல பெண்களின் நினைவு சேர்ந்திருக்கிறது என்றே நான் அவருடைய கதையைப் படிக்கிறேன்.

குர்ஆனில் வரும் கவ்லா இவர்தானே?

இல்லை. 58ஆம் அத்தியாயமான ‘அல்முஜாதலா’வின் தொடக்க வசனங்கள் இறங்கக் காரணமானவர் கவ்லா பின்த் ஸஅலபா. கணவர் தம்மைத் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டு விலக்கியதைப் பற்றி நபியவர்களிடம் முறையிட்டவர் அவர். தாம் அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்தும் அந்தப் பெண்ணின் பேச்சில் சில பகுதிகள் தமக்குக் கேட்கவில்லை, அல்லாஹ்வோ அதைக் கேட்டான் என்று ஆயிஷா வியந்து சொன்னது அவரைப் பற்றித்தான். கவ்லா பின்த் ஹகீம் என்ற நபித்தோழியும் வேறு. அலீயின் மகன் முஹம்மது இப்னுல் ஹனஃபிய்யாவின் தாயான கவ்லாவும் வேறு. அவர் பனூ ஹனீஃபா குலத்தவர்.

வாட்ஸ்அப்பில் வரும் அவருடைய படம் உண்மையானதா?

இல்லை. குதிரை மேல் கறுப்புடையோடு இருக்கும் எல்லாப் படங்களும் இக்காலக் கற்பனைகள். அவர் காலத்துச் சித்திரமோ சிலையோ எதுவும் கிடையாது.

இந்த மறுப்பெல்லாம் மேற்கத்தியர்கள் கிளப்பிவிட்டது என்கிறார்களே?

நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. பின்னாளில் கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியரான சைமன் ஆக்லி, 1708இல் அராபியரின் வெற்றிகளைப் பற்றி எழுதியபோது, ‘ஃபுதூஹுஷ் ஷாம்’ நூலின் கையெழுத்துப் பிரதியையே உண்மை வரலாறாக நம்பி, கவ்லாவின் கதையை ஆங்கிலத்தில் சேர்த்தார். அவரை நம்பி எட்வர்ட் கிப்பனும் அதைத் தம் ரோமப் பேரரசு வரலாற்றில் பயன்படுத்தினார். ஐரோப்பியர் மறுத்த கதை அல்ல அது. அவர்கள் நூறாண்டுக்கும் மேலாக வரலாறு என்று நம்பிய கதை.

அறிவிப்பாளர் தொடரைச் சோதிப்பது முஸ்லிம் அறிஞர்களே வகுத்த முறை. யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, நினைவாற்றல் எப்படி என்று ஒவ்வொரு கண்ணியையும் அவர்கள் கேட்டார்கள். வாகிதியைப் பலவீனமானவர் என்று முதலில் சொன்னவர்களும் அவர்களே. வணக்க வழிபாட்டுக்கு உரிய ஹதீஸில் அந்தக் கண்டிப்பைக் கேட்கும் நாம், நபித்தோழர்கள் வரலாற்றில் மட்டும் அதைத் தளர்த்தச் சொல்வது முறையாகாது.

சிலுவைப் போர்க் காலத்தில் ஏன் இப்படியொரு கதை வளர வேண்டும்?

1099இல் சிலுவைப் படைகள் ஜெரூசலத்தைக் கைப்பற்றின. 1187இல் ஸலாஹுத்தீன் மீட்டார். இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னரும் ஷாம் நாட்டு நகரங்கள் தொடர்ந்து போர் அச்சத்தில் இருந்தன. அதே மண்ணை முன்னோர் எப்படி வென்றார்கள் என்று கேட்க மக்கள் கூடினார்கள். அரபியரும் பைசாந்தியரும் மோதும் பின்னணியில் தாத்துல் ஹிம்மா என்ற பெண் படைத்தலைவியைப் பாடும் மிக நீண்ட நாட்டுப்புறக் காவியமும் அரபு நாடுகளில் வழங்கியது. குதிரை ஏறிய வீராங்கனை அக்காலக் கதை கேட்போருக்குப் புதியவர் அல்லர்.

தமிழில் இது எப்போது வந்தது?

‘ஃபுதூஹுஷ் ஷாம்’ தமிழ் முஸ்லிம்களுக்கு நேற்று வந்த நூல் அல்ல. சேகனாப் புலவர் என்றும் புலவர் நாயகம் என்றும் போற்றப்படும் காயல்பட்டினத்து செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம், 19ஆம் நூற்றாண்டில் ‘புதூகுஷ்ஷாம்’ என்ற பெயரிலேயே தமிழில் காப்பியம் பாடினார். படைப்போர் என்ற சிற்றிலக்கிய வகையும் அதற்கு முன்பிருந்தே இஸ்லாமியத் தமிழில் இருந்துவந்தது. அவற்றைக் காப்பியங்களாகப் படிக்கும் பழக்கம் நமக்கு இருந்தது. இன்றைய குழப்பம், அந்தக் காப்பியச் செய்திகளை உரைநடையில் வரலாற்றுக் குறிப்புப் போல எழுதத் தொடங்கியதால் வந்தது.

ஆதாரம் இல்லை என்றால் ராணுவப் பள்ளிக்கெல்லாம் ஏன் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் பெண்களுக்கான ராணுவப் பயிற்சிப் பள்ளி அபுதாபியில் 1990களின் தொடக்கத்தில் தொடங்கப்பட்டபோது அவர் பெயரே சூட்டப்பட்டது. அரபு நாடுகள் பலவற்றில் பெண்கள் பள்ளிகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஒரு சமூகம் எதை மதிக்கிறது என்பதை அப்பெயர்கள் காட்டுகின்றன, அது மதிப்புக்குரியதே. ஆனால் பெயர்ப்பலகையை வரலாற்று ஆதாரமாக எவரும் காட்ட முடியாது.

அவர் பெயரோடு (ரலி) சேர்க்கலாமா?

அது ‘அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக’ என்ற துஆ, அதாவது பிரார்த்தனை. நபித்தோழர்களுக்கு மட்டுமன்றி, அவர்களுக்குப் பின் வந்த நல்லோருக்கும் அவ்வாறு துஆச் செய்வது விரும்பத்தக்கது என்று இமாம் நவவி எழுதியிருக்கிறார். ஆகவே அப்படி வாழ்ந்த ஒரு பெண்ணை எண்ணித் துஆச் செய்பவரை நான் தடுக்க மாட்டேன். (ரலி) போட்டிருப்பதாலேயே அவர் நபித்தோழி என்பது உறுதியாகிவிட்டது என்று மட்டும் வாதிட வேண்டாம்.

மகளுக்கு கவ்லா என்று பெயர் வைத்திருக்கிறோம். இதையெல்லாம் படித்ததும் வருத்தமாக இருக்கிறது.

வருந்தத் தேவையில்லை. நபித்தோழியரிலேயே இந்தப் பெயருடையவர்கள் இருந்தார்கள். மேலே குர்ஆன் பற்றிய பதிலைப் பாருங்கள். யாருடைய முறையீட்டுக்கு வானத்திலிருந்து பதில் வந்ததோ, அவருடைய பெயரைத்தான் நீங்கள் வைத்திருக்கிறீர்கள்.

பேச்சுப் போட்டிக்கு கவ்லாவைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டார்கள். எப்படிப் பேசுவது?

தாராளமாகப் பேசுங்கள். முதல் வாக்கியத்திலேயே, ‘ஃபுதூஹுஷ் ஷாம் என்ற நூலில் வரும் கதை இது’ என்று சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு கறுப்புடை வீரரைப் பற்றி எவ்வளவு அழகாகச் சொன்னாலும் தவறில்லை. ஒவ்வொரு வரியிலும் ‘சொல்லப்படுகிறது’ சேர்த்துப் பேச்சைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ‘புகாரியில் வருகிறது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன், அது உண்மையல்ல.

5 நிமிடம் கிடைத்தால் 2 நிமிடத்தில் கவ்லாவை முடித்துக்கொண்டு, மீதியை உம்மு உமாராவுக்கும் உம்மு ஹகீமுக்கும் கொடுங்கள். நடுவர் ஆதாரம் கேட்டால், அந்த இருவருக்கும் இப்னு ஸஅதின் ‘தபகாத்’ நூலைச் சொல்லலாம்.